குரல் எட்டாத தூரம்

வேலூர்
10.06.2024

அன்பு அண்ணனுக்கு,

புவனா எழுதுகிறேன். சுகமாக வந்து சேர்ந்தேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு இருமல் நின்றதா? பாப்பாவுக்குச் சளி ஏதும் இல்லையே?

இங்கே விடிவதற்கு முன்பே விசில் ஊதி எழுப்பிவிடுகிறார்கள். ஓட்டம், அப்புறம் பரேடு, அப்புறம் வகுப்பு. அவர் விபத்தில் போனபோது பாப்பா என் வயிற்றில் இருந்தாள். அன்றைக்கிலிருந்து உங்கள் வீட்டில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன், நீங்கள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இந்தப் போலீஸ் வேலை கிடைத்ததே வயது வரம்பு முடிகிற நேரத்தில்தான். பயிற்சி தை மாதம் முடிந்துவிடும் என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டு வயது முடிந்ததும் வேப்பெண்ணெய் தடவிப் பாப்பாவுக்குப் பாலை மறக்கடித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் என் உடம்புக்கு அது தெரியவில்லை. ஓடும்போது பனியன் நனைந்துவிடுகிறது. பரேடு எடுக்கிற அம்மா பார்த்துவிட்டு என்னைப் பின்வரிசைக்கு மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் தருகிறார்கள். நேற்று வீடியோவில் கூப்பிட்டபோது பாப்பா போனைப் பிடுங்கித் திருப்பி, அதற்குப் பின்னால் என்னைத் தேடினாள். அப்புறம் வெகுநேரம் தேம்பினாள் என்றார் அண்ணி. நீங்கள் போனை வாங்கி, "அம்மணி, கொஞ்ச நாளைக்குக் கூப்புடாத. குட்டிய மறக்கடிக்கறப்ப தாய் சத்தம் காதுல உழுகப்படாது. இந்தப் புள்ள போன் மணி அடிச்சாலே ஓடி வந்துபோடுது. எதுன்னாலும் கடுதாசி போடு" என்றீர்கள். எத்தனையோ குதிரைக் குட்டிகளைப் பிரித்த கை உங்களுடையது. நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நம் குதிரை செவலையின் குட்டி என்ன செய்கிறது? எழுதுங்கள். பாப்பாவுக்கு என் முத்தம்.

அன்புத் தங்கை
புவனா


கிணத்துக்கடவு
21.06.2024

அன்புத் தங்கை புவனாவுக்கு,

உன் கடிதம் பார்த்துச் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முட்டி காற்றடித்தால் வலிக்கும், காற்று நின்றால் நிற்கும். இப்போது பாலக்காட்டுக் காற்று அடிக்கிற காலம், ஆகையால் அதைக் கேட்காதே. சாந்தாவுக்கு இருமல் போய்விட்டது. தென்னையை வெள்ளை ஈ விட்டபாடில்லை.

பாப்பா நன்றாகச் சாப்பிடுகிறாள். முதல் வாரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இப்போது அதுவும் குறைந்துவிட்டது. சாந்தாவின் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே?

செவலை பங்குனிக் கடைசியில் போட்ட குட்டி நல்ல காலும் கழுத்துமாக நிற்கிறது. ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு பார்ட்டி கேட்கிறார். சந்தைக்குப் போகிற குட்டி பால் மறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட்டத்தில் கத்தி நம் மானத்தை வாங்கிவிடும். நம் கால்நடை டாக்டர் கௌதமன், ஆறு மாதம் ஆகாமல் தொடாதீர்கள் என்கிறார். அதிலும் நடுவில் ஒரு வேலி போட்டு, தாயை இந்தப் பக்கமும் குட்டியை அந்தப் பக்கமும் விட வேண்டுமாம். மூக்கோடு மூக்கு உரசலாம், பால் மட்டும் குடிக்க முடியாது. "ஏனுங்க டாக்டர், எலையப் போட்டு உக்கார வெச்சுச் சோறு போடாம உடறதுக்குப் பேரு வைத்தியமுங்களா?" என்று கேட்டேன். சிரித்தார்.

அப்பா செய்தது ஒரே முறைதான், உனக்கே தெரியும். ஒரே நாளில் பிரிக்க வேண்டும். குரல் எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தாயின் வாசம் உள்ள எதையும் குட்டியிடம் விடக்கூடாது. கனைப்பு ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். நாள் பார்த்துச் செய்துவிடுவேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். பாலைப் பிழிந்துவிடாதே, பிழிந்தால் இன்னும் ஊறும். சத்தான தீனியைக் குறைத்தால் தானே வற்றிவிடும். குதிரைக்குச் சொல்வதைச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

அண்ணன்
நஞ்சுண்டன்


வேலூர்
07.07.2024

அன்பு அண்ணனுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அங்கே காற்று கொஞ்சமாவது அடங்கியதா?

தீனியைக் குறைக்கச் சொன்னீர்கள். இங்கே போடுகிற உப்புமாவைப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

என் பச்சை நூல் சேலையைப் பாப்பாவின் தொட்டிலில் போட்டுவிட்டு வந்தேனே, அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாளா? புதிதாக என்ன வார்த்தை பேசுகிறாள்? போன ஞாயிறு உங்களிடம் பாப்பாவின் போட்டோ கேட்டு மெசேஜ் போட்டிருந்தேன். இந்த ஞாயிறு போனைத் திறந்தால் செவலையும் குட்டியும் நிற்கிற படம்தான் இருந்தது. அழகான படம்தான். ஆனால் நான் கேட்டது அதை இல்லை அண்ணா.

என் பக்கத்துக் கட்டிலில் பிரவீனா என்று ஒரு பெண். அவளுக்கும் மூன்று வயதில் ஒரு பையன். ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாள். அவன் அழுகிறான், இவளும் அழுகிறாள். கொஞ்ச நேரத்தில் அவன் விளையாடப் போய்விடுகிறானாம். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருக்கிறது.

டாக்டர் சொன்ன வேலியை ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன். குட்டி பார்த்துக்கொள்ளவாவது செய்யும்.

பாப்பாவையும் அண்ணியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

புவனா


கிணத்துக்கடவு
26.07.2024

அன்புத் தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் உடல்நலத்துக்கு எழுது.

குட்டியைப் பிரித்தாகிவிட்டது. இந்தக் காற்றில் பக்கத்துத் தோட்டத்தில் கட்டினாலும் செவலையின் கனைப்பு அங்கே வரைக்கும் போகும். அதனால் கொடுமுடிக்கே அனுப்பிவிட்டேன். உன் அண்ணி பிறந்த வீட்டில் இடமும் இருக்கிறது, ஆற்றங்கரையில் புல்லும் இருக்கிறது. வண்டியில் ஏற்றும்போது செவலையைக் கண்ணில் துணி கட்டிக் கட்டுத்தரையில் நிறுத்தினேன். ஆனாலும் தெரிந்துகொண்டது. தொண்டை கட்டி வெறும் காற்று வருகிற வரைக்கும் கத்தியது. பாலும் பயறும் ஊட்டி வளர்த்த மாதிரி என் கையில் நின்ற குதிரை, இப்போது பக்கத்தில் போனால் காதைப் பின்னால் மடக்குகிறது. சரியாகிவிடும். குட்டி நின்ற இடத்தைச் சாணி போட்டு மெழுகி, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டேன்.

சாந்தாவும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கொடுமுடிக்குப் போயிருக்கிறாள். ஆடிப்பெருக்கு முடிந்து வருவார்கள். பாப்பா சுகம்.

நஞ்சுண்டன்


வேலூர்
05.08.2024

அன்பு அண்ணனுக்கு,

நான் சுகம். அங்கே சுகத்துக்கு எழுதவும்.

கொடுமுடிக்குப் பாப்பாவை அனுப்பலாம் என்று யார் சொன்னது? கோபத்தில் கேட்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வருகிற நேரம், அதனால் கேட்கிறேன். அண்ணி கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்வார், அது எனக்குத் தெரியும்.

நேற்று ஞாயிறு. உங்கள் பேச்சை மீறி அண்ணியின் போனுக்கு அடித்தேன். பேசுவதற்கு இல்லை. அவர் எடுத்தால் பின்னால் பாப்பாவின் சத்தம் கேட்கும், கேட்டுவிட்டு வைத்துவிடலாம் என்றுதான். யாரும் எடுக்கவில்லை.

ஒன்றே ஒன்று சொல்லுங்கள் அண்ணா. பாப்பா என்னைக் கேட்கிறாளா?

புவனா


வேலூர்
02.09.2024

அன்பு அண்ணனுக்கு,

எழுதி ஒரு மாதம் ஆகப்போகிறது, பதில் இல்லை. உடம்புக்கு முடியவில்லையா? முட்டிவலியில் எழுந்து நடக்க முடியாமல் கிடக்கிறீர்களா? தபால்தான் தொலைந்துவிட்டதா?

எனக்குப் பால் நின்றுவிட்டது. இனிமேல் நிம்மதியாக ஓடலாம் என்று பிரவீனா சொன்னாள். கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

துப்பாக்கி சுடுவதில் எங்கள் அணியில் நான்தான் முதல். இதைப் படித்துச் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டாவது ஒரு வரி எழுதுங்கள்.

கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

புவனா


கிணத்துக்கடவு
15.09.2024

அன்புத் தங்கை புவனாவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. உடம்புக்கு ஒன்றுமில்லை. பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

குட்டி செத்துப்போய்விட்டது. ஆடிப்பெருக்குக்கு அப்புறம், சந்தை கூடுவதற்கு முன்னால். கொடுமுடியில் இறக்கிய நாளிலிருந்து கொள்ளைத் தொடவில்லை. புல்லை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் நிற்குமாம். பழகிவிடும் என்று நான்தான் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். வயிற்றுவலி வந்து தரையில் உருண்டபோது நான் கிளம்பிப் போனேன். நான் போய் இறங்கும்போது மூச்சு இருந்தது. என்னைப் பார்த்தது. என் மேல் செவலையின் வாசம் அடித்திருக்கும் போல, எழுந்திருக்கப் பார்த்தது. அப்புறம் முடியவில்லை.

இங்கே செவலைக்கு மடி கல்லாகிச் சீழ் வைத்துவிட்டது. கௌதமன் டாக்டர் வந்து ஊசி போட்டார். ஒரு பக்கம் போனது போனதுதான் என்றார். அவர் சத்தமாகப் பேசிப் பார்த்திருக்கிறாயா? அன்றைக்குப் பேசினார். "ரண்டு மூணு மாசம் பொறுத்தா என்னங்க கொறஞ்சுபோகும்? வேலிக்கு அந்தப் பக்கம் தாய் நிக்கறது கண்ணுல பட்டாப் போதுமுங்க, குட்டி பாட்டுக்கு மேஞ்சுட்டு இருக்கும். கத்தறது நின்னுபோச்சுன்னா மறந்துபோச்சுன்னு அர்த்தம் இல்லீங்க. தாய் இனி வராதுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்" என்றார். அப்பா பிரித்த குட்டிகளிலும் சில செத்துத்தான் போயின. நாங்கள் அதைச் சீக்கு என்று சொல்லிக்கொண்டோம்.

பாப்பாவுக்கு ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள். இப்போதெல்லாம் அழுவதே இல்லை.

நஞ்சுண்டன்


வேலூர்
22.09.2024

அன்பு அண்ணனுக்கு,

குட்டிக்காக அழுதேன். செவலையை நினைத்தும் அழுதேன். நீங்கள் மனதைத் தளரவிடாதீர்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள்.

பாப்பா அழுவதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நேர் மேலேதான் டாக்டர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். அண்ணா, நாம் என்ன செய்துவிட்டோம்? குதிரையை வளர்க்கிற வீட்டில் பிறந்ததால் நீங்கள் சொன்னதும் சரி என்று தலையாட்டிவிட்டேன். வேறு எந்த வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் இது என்ன கூத்து என்று கேட்டிருப்பாள். என் பிள்ளைக்கு என் குரல் ஆகாது என்று நீங்கள் சொன்னீர்கள், நானும் நம்பினேன்.

இப்போதும் நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

தீபாவளிக்கு மூன்று நாள் லீவு தருவார்கள் போலிருக்கிறது. வருகிறேன். அதற்கு முன்னால் வருகிற ஞாயிறு கூப்பிடுவேன். போனை அவள் காதில் வையுங்கள்.

புவனா


கிணத்துக்கடவு
10.10.2024

அன்பு புவனாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமாக இருக்கிறாயா? இங்கே நாங்கள் இருக்கிறோம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

இரண்டு ஞாயிறும் நீ கூப்பிட்டாய். போனை அணைத்து வைத்தது நான்தான். உன் அண்ணனைக் கோபிக்காதே.

பாப்பா என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். கொடுமுடியில் வைத்துத்தான் முதலில் கூப்பிட்டாள். அங்கே என் அண்ணன் பிள்ளைகள் அவர்கள் அம்மாவைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவள், என் முந்தானையை இழுத்து "அம்மா, தண்ணி" என்றாள். சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அத்தை என்று திருத்தவும் இல்லை. எத்தனை கோயில், எத்தனை ஆஸ்பத்திரி, உனக்குத் தெரியாததா? கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷத்தில் அந்த வார்த்தையால் என்னை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

உன் பச்சைச் சேலையைத் துவைத்து மடித்து உன் பெட்டியில் வைத்துவிட்டேன். அதை மோந்துகொண்டு அழுதுகொண்டே இருந்தாள், பார்க்க முடியவில்லை. அதுவும் காரணம். உன் வாசம் போகட்டும் என்று நினைத்ததும் காரணம். பொய் சொல்ல மாட்டேன்.

தீபாவளிக்கு வராதே புவனா. உன் காலில் விழுந்து கேட்கிறேன். மூன்று நாள் இருந்துவிட்டு நீ போய்விடுவாய். மறுபடி கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. தையில் வந்து ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போ. அதுவரைக்கும் என்னிடம் இருக்கட்டும்.

சாந்தாமணி


கிணத்துக்கடவு
14.10.2024

புவனாவுக்கு,

சாந்தா எழுதியதை இன்றைக்குத்தான் சொன்னாள். அவளைத் தப்பாக நினைக்காதே, என்னை நினை.

நீ வா. கோயமுத்தூர் உக்கடத்தில் இறங்கு, நான் வண்டி கொண்டுவருகிறேன்.

அண்ணன்


வேலூர்
05.11.2024

அன்பு அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். என் இருமலுக்கு அண்ணி பையில் மருந்து வைத்திருந்தார், வேளை தவறாமல் குடிக்கிறேன்.

அங்கே இருந்தபோது நாம் மூன்று பேரும் பலகாரம் பற்றியும் மழை பற்றியும் பேசினோம். பேச முடியாததை எழுதிவிடுகிறேன். உங்கள் வண்டியில் வரும்போது பாப்பா என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்துப் பயந்துகொண்டே வந்தேன். அழுகிறவளை எப்படித் தூக்குவது, என்ன சொல்லிச் சமாதானம் பண்ணுவது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

உக்கடத்திலிருந்து ஆர்.எஸ்.புரம் சுற்றிப்போய் வாங்கிய பாவாடை சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் அண்ணியின் சேலைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தாள். உயரமாகியிருந்தாள். "கனிஷ்கா, கண்ணு" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவள் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். அவளுக்கு ஏதோ தெரிந்தது மாதிரி இருந்தது, நான் கும்பிடாத சாமி இல்லை. அப்புறம் அவள் உங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

உங்களை அப்பா என்று கூப்பிடுகிற பிள்ளையிடம், உங்கள் தங்கையைக் காட்டி, "அத்தை வந்திருக்காங்க, வாங்கன்னு சொல்லு சாமி" என்றீர்கள். அவள் உடனே "வாங்க" என்றாள். உள்ளே ஓடினாள். விருந்தாளி வந்தால் செய்கிற மாதிரி, இரண்டு கையாலும் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு, சிந்திவிடக் கூடாதே என்று ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்து என்னிடம் நீட்டினாள். "குடீங்க" என்றாள்.

குடித்தேன். என் வீட்டு வாசலில், என் மகள் கையால், ஊரார் குடிக்கிற மாதிரி நின்றுகொண்டே குடித்தேன். அண்ணி அடுப்படிக்குள் போய்விட்டார். நீங்கள் தோப்புக்குப் போனவர், இரண்டு நாளும் சாப்பாட்டுக்குத் தவிர வரவில்லை.

அன்றிரவு அவளைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அண்ணி மறுக்கவில்லை, பாயை விரித்துக்கூடக் கொடுத்தார். அவள்தான் எழுந்து இருட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு அண்ணியிடம் போனாள். அந்த நேரம் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தையில் நான் வந்து இவளைத் தூக்கிக்கொண்டு போனால், இவளுக்கு அது இரண்டாவது தடவை. போஸ்டிங் எங்கே போடுவார்களோ தெரியாது. இந்தப் பிள்ளை மறுபடி ஒரு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மறுபடி ஒரு நாள் அழுவதை நிறுத்தும். அதைச் செய்ய என்னால் ஆகாது. செய்யாமல் இருக்கவும் ஆகாது என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதற்கு நான் என்ன செய்ய?

ஒரு நாள் முன்னதாகவே நான் கிளம்பியதற்கு லீவு காரணம் இல்லை.

கிளம்பும்போது நீங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள், அதனால் கேட்டிருக்க மாட்டீர்கள். பாப்பா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். "அம்மா, இந்த அத்தை மறுக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். சொல்லிவிடு, நான் தடுக்க மாட்டேன் என்று அவர் கண் சொன்னது. ஒரு வார்த்தைதான், சொல்லியிருக்கலாம். நான் குனிந்து, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, "அத்தை தைக்கு வாரேன் கண்ணு" என்றேன்.

உங்கள் தங்கை
புவனா